பெரட்டுக்கு ஏற்ற வெப்சைட்

நான்கு அறை உள்ள விடுதிக்கு வெப்சைட் எதற்கு என்று கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர் என்னிடம் கேட்டார். நான்கு அறைக்குத்தான் வேண்டும் என்றேன். நூறு அறை உள்ளவனுக்குப் பஸ் ஸ்டாண்டில் ஆள் நிற்கிறான், மதுரையில் ஏஜெண்ட் இருக்கிறான். நான்கு அறை வைத்திருப்பவருக்கு யார் இருக்கிறார்கள்? அவர் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். எம்.சி.ஏ. படித்தவர். நான் ஒன்பதாவதோடு நின்றவன்.

நாயுடுபுரத்தில் அந்த விடுதியின் பின்கட்டில் சாமான் போடும் அறை ஒன்று இருந்தது. அதில்தான் நான் தங்கியிருந்தேன். அதற்கு முன் திருப்பூரில் பனியன் வெட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், மதுரையில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. அடித்தேன். அங்கேதான் வெப்சைட் செய்யக் கற்றது. யாரும் சொல்லித்தரவில்லை. அச்சகத்துக்காரர் இன்டர்நெட் இணைப்புக்கு மாதப் பணம் கட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் வைத்திருந்தார், நான் பயன்படுத்தினேன். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் எனக்குக் கால் தரிப்பதில்லை. மலைக்கு வந்ததற்கும் பெரிய காரணம் கிடையாது. பஸ் வந்தது, ஏறினேன்.

விடுதியை நடத்தியவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஏழு வயதில் பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். வந்தபிறகு இந்த மலையிலும் எஸ்டேட் கூலிதான். திருமணமாகி வெகுநாள் கழித்து, கையில் இருந்ததையெல்லாம் போட்டு அந்த ஓட்டு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, வரிசையாக இருந்த நான்கு அறைகளையும் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டார். கணவர் தாண்டிக்குடிப் பக்கம் ஜீப் ஓட்டினார், ஞாயிறன்று மட்டும் வருவார். அறைகளை அக்கா "நம்ம லயம்" என்பார். லயம் என்றால் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. விருந்தாளிகள் முன்னால் அப்படிச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

வீட்டுச் சொந்தக்காரர் வத்தலக்குண்டில் இருந்தார். அங்கே அவருக்குக் கல்யாண மண்டபம் உண்டு. குத்தகை தை மாதத்தோடு முடிவதாக இருந்தது. பக்கத்து ஓட்டல்காரர் ஒருவர் அந்த வீட்டையும் சேர்த்து இடித்துக் கட்ட விலை பேசிக்கொண்டிருந்தார். ஆவணியில் மேலே வந்த சொந்தக்காரர் அக்காவிடம் நேராகவே சொன்னார்.

"ஏத்தா, சீசன்ல எவன் வேணாலும் ரூம ரொப்பிருவான். ஐப்பசி, கார்த்திகைல இந்த வீடு ஓடுதான்னு பாக்குறேன். ஓடுச்சுன்னா உனக்கு. இல்லேன்னா அவருக்கு. அப்புறம் என்னைய நொட்ட சொல்லக் கூடாது."

மழை மாதங்களில் நாயுடுபுரம் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எதிர்வீடு தெரியாது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் புரோக்கர்கள்கூட வீட்டில் படுத்துக்கொள்வார்கள். முந்தின வருடம் ஐப்பசியில் அந்த நான்கு அறைகளிலும் ஒருவர்கூடத் தங்கவில்லை. வீடு கைவிட்டுப் போனால் மறுபடி தோட்டக் கூலிதான் என்று அக்கா சொன்னபோது குரலில் அழுகை இல்லை. உருளைக்கிழங்கு விலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"வெப்சைட் போடுவோம்கா," என்றேன்.

"போட்டா வருவாங்களா?"

"வருவாங்க."

அப்படி உறுதியாகச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. ஆனால் செய்யத் தெரியும் என்பதில் சந்தேகம் இல்லை. கூலி என்று எதுவும் பேசவில்லை. பின்கட்டு அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தன.

வெப்சைட்டை அப்போது இரண்டு விதமாகச் செய்வார்கள். பக்கம் பக்கமாகக் கையால் எழுதி ஏற்றுவது ஒன்று. ஒரு வரி மாற வேண்டுமென்றாலும் எழுதினவன்தான் வர வேண்டும். இன்னொன்று, சி.எம்.எஸ். என்று சொல்லப்படும் ஆயத்த மென்பொருள் சாமானை நிறுவிக் கொடுத்துவிடுவது. அதன்பின் புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் உள்ளே போய், எழுதி, பொத்தானை அமுக்கி, தாங்களே வெளியிட்டுக்கொள்ளலாம். நான் எந்த ஊரிலும் நிலைப்பவன் அல்ல என்பது எனக்கே தெரியும். ஆகவே சி.எம்.எஸ். என்பதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. எந்த சி.எம்.எஸ். என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டர் சென்டர்காரர் தானே ஒன்று செய்து வைத்திருந்தார். திறந்தால் பாட்டு வரும், அம்புக்குறிக்குப் பின்னால் பட்டாம்பூச்சி பறக்கும். "கன்டென்ட் மட்டும் நீங்க குடுங்க. மாத்துறதெல்லாம் நான் பாத்துக்கிறேன்," என்றார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாங்கள் அவருடைய சென்டர் படியேற வேண்டும். அத்துடன் அதில் தமிழ் எழுத்துகளைப் போட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நின்றன. அதை விட்டேன்.

உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து செய்து இலவசமாகக் கொடுக்கும் பெரிய சாமான் ஒன்று கிடைத்தது. பகுதி, அதற்குள் பிரிவு, அதற்குள் கட்டுரை. அறை முன்பதிவுக்கு நாள்காட்டி, படங்களுக்குத் தனி இடம். ஒருவர் எழுதினால் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே வெளியே போகும் ஏற்பாடும் உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்தது. பள்ளிக்கூடம் முடிக்காதவனுக்குப் பெரிய சாமான் மேல் எப்போதும் ஓர் ஆசை இருக்கும். அதையே நிறுவினேன். பத்து நாள் உட்கார்ந்து எல்லா அறைகளையும் அதில் ஏற்றினேன்.

பிறகு அக்காவை உட்கார வைத்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. காலையில் டிபன் முடித்துக் காய்கறி வாங்கப் போகும் வழியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே அரை மணி நேரம் உட்காரலாம். அதற்குமேல் ஆனால் மதியச் சோறு பிந்திவிடும். எட்டாவது வரை படித்தவர். ஆங்கில எழுத்துகளில் அம்மா என்று அடித்தால் தமிழில் அம்மா என்று வரும் மென்பொருள் அப்போது வந்திருந்தது. அதில் இரண்டே நாளில் பழகிவிட்டார். பெரிய சாமான்தான் பழகவில்லை. ஒரு சொல்லை மாற்ற ஆறேழு பக்கம் திறக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் வந்து சேர ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். எல்லாம் எழுதிச் சேமிக்கும்போது கரண்ட் போகும். மூன்றாம் நாள் அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"தம்பி, இது கலெக்டர் ஆபீஸ் மாதிரி இருக்கு. எந்த ரூமுக்குள்ள போனாலும் அடுத்த ரூமுக்குப் போங்கறான்."

நான் ரோஷப்படவில்லை. அவர் சொன்னது சரி. இரண்டாம் மாதமே யாரும் தொடாமல் கிடக்கும் வெப்சைட்டுகளை மதுரையில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அன்று சாயங்காலமே பத்து நாள் வேலையை அழித்தேன்.

மூன்றாவதாக எடுத்தது, ஆட்கள் நாட்குறிப்பு எழுதுவதற்காகச் செய்யப்பட்ட சின்னச் சாமான். எழுத ஒரு பெட்டி, கீழே ஒரு பொத்தான். புதிதாக எழுதியது மேலே நிற்கும், பழையது கீழே இறங்கும். படிப்பவர்கள் அடியில் பதில் எழுதலாம். தமிழ் சரியாக வந்தது, பக்கமும் வெரசாகத் திறந்தது. அறைகளைப் பற்றி, வழியைப் பற்றி, போன் நம்பருக்கு என்று நிலையான பக்கங்கள் மூன்றை நான் செய்துகொடுத்தேன். கடவுச்சொல்லை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். என்னவென்று கேட்கவில்லை.

"தெனம் காலைல என்ன சேதியோ அத ரெண்டு வரி எழுதுங்கக்கா. போதும்," என்றேன்.

பூ பூத்திருக்கிறது, மேகம் இறங்கியிருக்கிறது, அறை காலி இருக்கிறது என்று எழுதுவார் என நினைத்துக்கொண்டு சொன்னேன். அது நான் செய்த தப்பு.

அப்போது ஐப்பசி பிறந்திருந்தது. அந்த வாரம் ஜீப்போடு தாண்டிக்குடிக்குப் போனேன். ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, ஆள் வேண்டும் என்று அக்காவின் கணவர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. பிறகு இன்னொரு இடத்தில் சரிந்தது. பதினைந்து நாள் அங்கேயே கிடந்தேன். இணைப்பு கிடையாது. மழை நின்ற நேரங்களில் ஆட்களோடு போய் ரோட்டில் மண் அள்ளினேன்.

திரும்பி வந்து நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போய் வெப்சைட்டைத் திறந்தேன். அக்கா ஒரு நாள் தவறாமல் எழுதியிருந்தார்.

'ரெண்டாம் நம்பர் மூலையில ஒழுகுது. வாளி வச்சிருக்கு. அந்த ரூம் யாருக்கும் கெடையாது.'

'தண்ணி லாரி வரல. வெந்நீர் ஆளுக்கு ஒரு வாளிதான்.'

'மூணாம் நம்பர் சன்னலுக்குக் கொக்கி இல்ல. கொரங்கு கைய விடும்.'

'கேஸ் தீந்துபோச்சு. வெறகு அடுப்பு. டிபன் ஒம்பதுக்கு மேல.'

'கொக்கி போட்டாச்சு. ரெண்டாம் நம்பர் அப்படியேதான் ஒழுகுது.'

பதினைந்து நாளும் இப்படியே போயிற்று. ஒரு பூ இல்லை, ஒரு மேகம் இல்லை. என் காது சூடாகிவிட்டது. ஓடிப்போய் விடுதி வாசலில் நின்றேன். அக்கா உலை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா எழுதி வச்சிருக்கீங்க?"

"சேதிதான். நீங்கதான எழுதச் சொன்னீங்க."

"ஊர்ல எவனாவது தன் கடைல பல்லி கெடக்குன்னு போர்டு வைப்பானா?"

"கெடந்தா வைக்கணுந்தான். பெரட்டுல வேற என்னத்தச் சொல்லுவாங்க?"

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பது. வந்தவர்களைப் பற்றி அங்கே பேச்சில்லை, அவர்கள் கண் முன்னால் நிற்கிறார்கள். வராதவர் யார், உடைந்த கத்தி எது, எந்த மலைக்கு வழி இல்லை, இதையெல்லாம் சொன்னால்தான் அன்றைய வேலையைப் பிரிக்க முடியும். விடுதியிலும் அக்கா தினம் வெள்ளனே எழுந்து, நான்கு கதவுக்கும் முன்னால் நடந்து, இல்லாததை உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். பின்கட்டில் படுத்தபடி நானே பல நாள் கேட்டிருக்கிறேன். காலைச் செய்தி என்று நான் சொன்னதும் அவருக்கு அதுதான் தோன்றியிருக்கிறது.

"இதப் படிச்சிட்டு யாருக்கா வருவா?"

"மூணு ரூமுலயும் ஆளு இருக்கு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். இருந்தார்கள். ஒன்றாம் நம்பரில் திருச்சியிலிருந்து ஒரு தம்பதி. மூன்றாம் நம்பரில் கோயம்புத்தூர் வாத்தியார் ஒருவர், மனைவி மகளோடு. நான்காம் நம்பரில் பெங்களூரிலிருந்து இரண்டு தோழிகள். வாத்தியாரிடம், எப்படி சார் இந்த மழையில் என்று கேட்டேன்.

"ஒரு வாரமா படிச்சிட்டிருந்தேங்க. கொக்கி போட்டாச்சுன்னு வந்துச்சு. சரி, கிளம்புன்னு கிளம்பிட்டோம்," என்றார். ஒழுகுகிற அறையைச் சொன்னவர், ஒழுகாத அறையைப் பற்றிப் பொய் சொல்லமாட்டார் என்பது அவருடைய கணக்கு. கொடைக்கானலில் அறை என்று தமிழில் தேடினால் இந்த வெப்சைட்தான் முதலில் வருகிறது என்றும் சொன்னார். அதன் காரணம் எனக்குத் தெரியும். தினமும் தமிழில் எழுதிக்கொண்டிருந்த விடுதி வேறு எதுவும் இல்லை.

அப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. மத்தியானம் போன் வந்தது. வத்தலக்குண்டிலிருந்து சொந்தக்காரர். பெங்களூரில் இருக்கும் அவருடைய மருமகன் எல்லாவற்றையும் போனில் படித்துக் காட்டியிருக்கிறார். அக்கா கை நனைந்திருந்ததால் நான்தான் எடுத்தேன்.

"ஏலே, அந்த வெப்சைட்டுப் போட்டவன் நீதான? என் வீடு ஒழுகுதுன்னு ஒலகத்துக்கே சொல்றியா? இப்பவே அழி!"

"சாவி அக்காகிட்ட இருக்குங்கய்யா."

"நீ போட்டதுக்குச் சாவி அவகிட்ட எப்படிலே இருக்கும்?"

"அந்த மாதிரி சாமானப் பாத்துத்தாங்க போட்டேன்."

போனை வைத்துவிட்டார். பெருமையாகச் சொல்லிவிட்டேன், ஆனால் வீடு அவருடையது, தை வர இரண்டே மாதம்தான் இருந்தது. மூன்று அறையும் நிறைந்திருக்கும் நேரத்தில் கோபத்தினாலேயே குத்தகை போய்விடும் போலிருந்தது. அக்காவிடம் ஒரு வழி சொன்னேன். பழைய பெரிய சாமானை மறுபடி நிறுவுகிறேன். நீங்கள் எழுதுங்கள், நான் பார்த்து, ஆகாததை நிறுத்திவிட்டு மற்றதை விடுகிறேன்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நீங்க கங்காணியா?"

"அப்படி இல்லக்கா..."

"வேற எப்படி? நான் சொல்றது, நீங்க கேக்குறது, அப்புறம் தொரைகிட்ட நீங்க போய்ச் சொல்றது. எங்கப்பா அங்கயும் கங்காணிகிட்ட நின்னாரு, இங்கயும் நின்னாரு. நானும் நின்னேன். வீடு போனா மறுபடி போய் நிக்கத்தான் போறேன். வீடு இருக்கும்போதே எதுக்கு நிக்கணும்?"

 லாரியில், பனியன் கம்பெனியில், அச்சகத்தில் நானும் அப்படி நின்றவன்தான். பெரிய சாமானில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அந்த ஒப்புதல்தான் என்பதும், ஒப்புதல் கொடுப்பவனாக என்னையே நினைத்துக்கொண்டுதான் பிடித்தது என்பதும் அப்போது உறைத்தது. பேச்சை விட்டேன்.

மறுநாள் காலை அக்கா எழுதியது இது: 'ரெண்டாம் நம்பர் ஒழுகுது. வீட்டுக்கார ஐயா இத எடுக்கச் சொல்றாரு. ஓடு மாத்தினதும் எடுத்துருவேன். ஓட்டுக்காரரத் தேடுறோம்.'

அதற்கு மறுநாள் சொந்தக்காரர் முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார். நல்ல மழை. தலையில் மப்ளர், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, கையில் குடை. அக்கா கடைக்குப் போயிருந்தார். நான் எழுந்து வாசலுக்குப் போவதற்குள், வெளியே நின்றுகொண்டிருந்த கோயம்புத்தூர் வாத்தியார் அவரைப் பார்த்துவிட்டார்.

"வாங்க வாங்க. ஓடு மாத்த வந்தவங்கதானே? ரெண்டாவது கதவு. ஏணி பின்னாடி கெடக்குது, எடுத்துட்டு வரட்டுங்களா?"

சொந்தக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.  குடையை மடக்கிவிட்டு இரண்டாம் நம்பருக்குள் போனார். நானும் பின்னால் போனேன். மூலையில் வாளி முக்கால் நிறைந்திருந்தது. மேலே நான்கு ஓடுகள் நொறுங்கியிருந்தன, சட்டத்தில் பச்சை பிடித்திருந்தது. கழுத்தை நிமிர்த்தி வெகுநேரம் பார்த்தார். ஒரு சொட்டு மப்ளரில் விழுந்தது. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குள் அக்கா காய்கறிப் பையோடு வந்துவிட்டார். நின்றபடியே வணக்கம் சொன்னார்.

"ஏத்தா, என் வீட்ட ஊரு சிரிக்க வச்சிட்டியே."

"சிரிக்கலைங்கய்யா. ரூம் கேக்குறாங்க."

"போன ஐப்பசில எத்தன பேர் இருந்தாங்க?"

"ஒருத்தரும் இல்லைங்க."

"இப்ப?"

"மூணு ரூமும் ஆளு இருக்குங்க. நாளைக்கு ஒரு குடும்பம் போவுது, இன்னொன்னு வருது. நாலாவது ரூமுக்கும் கேக்குறாங்க. ஒழுகுதுன்னு நான்தான் குடுக்கல."

"நாலாவது இல்லைங்க, ரெண்டாவது," என்றார் வாத்தியார்.

சொந்தக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். சிரிக்கும்போது இருமல் வந்து, அக்கா சுக்குக் காபி போட ஓடினார்.

ஓடு மாற்றும் ஆளை அவரே வத்தலக்குண்டிலிருந்து அனுப்பினார். மழை விட்ட இரண்டு நாளில் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் காலைப் பெரட்டில் ரெண்டாம் நம்பர் பற்றிப் பேச்சே இல்லை. சொன்னபடி அக்கா பழைய வரிகளை அழித்தும்விட்டார். கார்த்திகை கடைசியில் சொந்தக்காரர் ஸ்டாம்ப் பேப்பரோடு வந்தார். இன்னும் மூன்று வருடத்துக்குக் குத்தகை. ஓட்டல்காரருக்கு இல்லை என்று சொல்லியாயிற்று என்றார். ஒரு நிபந்தனை மட்டும் அதில் சேர்த்திருந்தார். வீட்டில் ரிப்பேர் இருந்தால் வெப்சைட்டில் போடும் முன்பு அவருக்கு ஒரு போன் செய்ய வேண்டும்.

அக்கா பேப்பரை இரண்டு முறை படித்தார்.

"போன் பண்றேங்கய்யா. மூணு நாள் பாப்பேன். அப்புறம் எழுதிருவேன். அதையும் இதுலயே சேத்து எழுதிக்கங்க."

சொந்தக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து அந்த வரியையும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்காவும் போட்டார்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொந்தக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏலே, நம்ம மண்டபத்துக்கும் ஒண்ணு போட்டுக் குடு. ஆனா அதுல நான் மட்டுந்தான் எழுதணும். வேற எவனும் கை வைக்கக் கூடாது."

"அப்ப உங்களுக்கு வேற சாமான் பாக்கணுங்கய்யா," என்றேன். இடம் மாறி எனக்கும் நாளாகியிருந்தது. அடுத்த திங்களன்று வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினேன்.